மோட்டார் நேரம் படித்த எலிகள்

நான் வேலை பார்த்த கல்லூரியின் விலங்கியல் துறை அறிவிப்புப் பலகையில் சென்ற மாதம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில், உடம்புக்குள் ஓடும் நாள் கடிகாரத்தின் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய இரண்டு இடங்கள். முழு உதவித்தொகை. தகுதிகளெல்லாம் வழக்கமானவைதான். கடைசி வரிதான் பிள்ளைகளைக் குழப்பிவிட்டது. விண்ணப்பத்தோடு, ஆய்வகத்தில் நேர்ந்த ஒரு தவறைப் பற்றி ஒரு பக்கம் எழுதி இணைக்க வேண்டுமாம்.

துறையின் இளம் பேராசிரியர் ஒருவர் எனக்குப் போன் செய்தார்.

"சார், அந்தக் கடைசி வரி ஏன்னு உங்களுக்குத்தான் தெரியுமாமே. பசங்க பாக்கறதுக்கு கௌரவமா இருக்கிற தப்பா ஒண்ணு தேடிக்கிட்டிருக்காங்க. துறை மலருக்கு, ஆராய்ச்சி வாய்ப்புகள் பத்தி நீங்க ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன்."

எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் தாண்டியவன் நான். முப்பத்து மூன்று வருஷம் அந்தத் துறையில் ஆய்வக உதவியாளன். முனைவர் பட்ட ஆராய்ச்சியைப் பற்றி என்னை எழுதச் சொல்வது, சமையற்கட்டுப் பூனையிடம் பால் வியாபாரத்தைப் பற்றிக் கேட்பது மாதிரி. ஆனாலும் பூனைக்குச் சில விஷயங்கள் தெரியும். எழுதுகிறேன்.

என் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். வீட்டிலிருந்து கல்லூரிக்குச் சைக்கிளில் இருபது நிமிஷம். முதல் பத்து வருஷத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: தவளை பிடித்தேன், குடுவை கழுவினேன், ஃபார்மலின் வாடையோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் திட்டு வாங்கினேன். நான் பிடித்த தவளைகளை அறுத்துப் படித்தவர்கள் இன்று தாசில்தாராகவும் தலைமையாசிரியராகவும் இருக்கிறார்கள். யாரும் தவளையை நினைப்பதில்லை, என்னையும்தான்.

பிறகு கமலவேணி மேடம் பேராசிரியராக வந்தார். துறையின் பின்கட்டில் பழைய மேசை நாற்காலி போட்டு வைத்திருந்த ஜன்னலில்லாத அறையைக் காலி செய்யச் சொன்னார். உள்ளே கறுப்புப் பெயின்ட் அடிக்க வைத்தார். கதவுக்கு உள்ளே இன்னொரு கதவு, இரண்டுக்கும் நடுவே கறுப்புத் திரை. அதற்குள் எட்டுக் கூண்டுகள், எட்டு எலிகள். வயல் எலி இல்லை. வெள்ளை வெளேரென்று, சுண்டு விரலை விடக் கொஞ்சம் பெரிய ஆய்வக எலிகள். இருட்டிலேயே வாழும். பகல் எது, இரவு எது என்று அவற்றுக்கு யாரும் சொல்லக் கூடாது. அப்படியும் அவை தினம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எழுந்து ஓடும், ஒரே நேரத்தில் தூங்கும். உடம்புக்குள் கடிகாரம் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

மேடத்தின் சுபாவத்தைச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, "அப்படியா? எழுதிக் குடுங்க" என்பார். ஒரு நாள் இருட்டறைக்குள் பாம்பு புகுந்துவிட்டது. நான் அலறிக்கொண்டு ஓடி வந்து சொன்னேன். "எழுதிக் குடுங்க" என்றார். அங்கேயே எழுதினேன்: 'பாம்பு. நீளம் மூன்று அடி இருக்கலாம். தற்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.' அதில் நேரம் போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். நேரம் போட்ட பிறகுதான் பாம்பு பிடிக்க ஆள் அனுப்பினார்.

இருட்டறையில் என் வேலை இதுதான். வாசலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சுடன் உள்ளே போக வேண்டும். எலிக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு சக்கரம் உண்டு. எலி ஓடினால் அது சுற்றும், சுற்றும்போதெல்லாம் வெளியே ஒரு பேனா முள் காகிதச் சுருளில் ஒரு கோடு கிழிக்கும். எலி தூங்கினால் வெறும் காகிதம். அந்தச் சுருளை நாள்வாரியாக வெட்டி, ஒரு நாளுக்குக் கீழே மறுநாளை வைத்து, அட்டையில் மைதாப் பசை போட்டு ஒட்டுவேன். பசை காய்ச்சுவதில் எனக்கு இணையாக அந்தக் கல்லூரியில் யாரும் கிடையாது. துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது.

ஒட்டி முடித்தால் அட்டையில் ஒரு சாய்ந்த பட்டை தெரியும். எலியின் கடிகாரம் இருபத்துநான்கு மணிக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் தினமும் சற்று முன்னாலேயே எழுந்துவிடும். நாள் செல்லச் செல்லப் பட்டை இடப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். நேராக நின்றால்தான் சந்தேகம். யாரோ எலிக்கு மணி சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த யாரோ நானாக இருந்துவிடக் கூடாது என்பதில் மேடம் கண்ணும் கருத்துமாக இருந்தார். வழக்கமான தீனி கூண்டில் எப்போதும் இருக்கும். அதற்கு மேல் தினம் ஒரு முறை ஊறவைத்த கொண்டைக்கடலை இரண்டு மூன்று. எலிக்கு அதுதான் பண்டம், உயிரை விடும். அதைக் கொடுக்க நான் தினம் ஒரே நேரத்தில் போனால் எலி கற்றுக்கொள்ளும். ஆகவே ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டுகள் போட்டு வைத்தார். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அரை மணிக்கு ஒரு சீட்டு. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று திருவுளச்சீட்டு எடுப்பதைப் போல, தினம் காலையில் ஒன்று எடுத்து, அதில் வந்த நேரத்துக்குப் போய்க் கடலை வைத்து, பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் சில வருஷம் கர்ம சிரத்தையாகச் செய்தேன். அதைச் சத்தியமாகச் சொல்கிறேன், நம்புகிறவர்கள் நம்பலாம்.

அப்புறம் என் தம்பி அந்தோணி சிங்கப்பூர் போனான்.

ஊரில் பாதி இளவட்டம் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. சுவரெல்லாம் கம்ப்யூட்டர் வகுப்பு விளம்பரம், தெருமுனையில் எஸ்.டி.டி. பூத், வாரத்துக்கு ஒரு வேன் விமான நிலையத்துக்கு. தம்பி போன கையோடு நாங்கள் குத்தகைக்கு வைத்திருந்த ஒன்றரை ஏக்கரும் போர்செட்டும் என் தலையில் விழுந்தன. ஆற்றில் தண்ணீர் வரும் வராது என்ற வருஷங்கள் அவை, மோட்டாரை நம்பித்தான் நாற்றங்கால். மோட்டார் ஓட மூன்று பேஸ் கரண்டு வேண்டும். அது எங்கள் பக்கத்துக்கு ஒரு வாரம் காலை ஏழு மணிக்கு, மறுவாரம் மதியம் ஒரு மணிக்கு என்று ஷிப்ட் முறையில் வரும். மடை திருப்பி விட என் மனைவி ஆரோக்கியமேரி இருந்தாள். ஆனால் அந்த ஸ்டார்ட்டர் கிழம். மூன்று முறை தட்டி, ஒரு முறை திட்டினால்தான் பிடிக்கும். அது என் கைக்கு மட்டுமே கட்டுப்படும்.

சீட்டில் ஏழரை வந்தால் மோட்டாரா எலியா? நான் மோட்டார் பக்கம் நின்றேன். சீட்டு எடுப்பேன். அதில் வந்த நேரத்தைப் பதிவேட்டில் அழகாக எழுதுவேன். வயலுக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, கரண்டு வந்த ஒரு மணி நேரத்தில் கடலை வைப்பேன். ஒரு வாரம் காலை எட்டுக்கு, மறுவாரம் மதியம் இரண்டுக்கு. மனசு உறுத்தியபோதெல்லாம், எலிக்கு மணி பார்க்கவா தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷம் அந்த ஆய்வகம் அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பூங்கோதை வந்தாள். கீழ்வேளூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். எம்.ஃபில். ஆய்வு. வந்த மறுநாளே பசைக் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "அண்ணே, இதுல உப்புப் போட்டா இடியாப்ப மாவு" என்றவள். பயம் என்பதே கிடையாது, எலியிடமும் சரி, என்னிடமும் சரி. எட்டுக் கூண்டுகளையும் மேடம் அவளிடம் ஒப்படைத்தார், கடலையும் பசையும் மட்டும் என் வேலையாகவே இருந்தன.

அவளுக்கு எலி ஓடுவதோடு திருப்தியில்லை, அந்தக் கடிகாரம் எந்தச் சாமானால் ஆனது என்று தெரிய வேண்டும். ஒரு நாள் எனக்கு விளக்கினாள். செல்லுக்குள் ஒரு ஜீன் ஒரு புரதத்தை உண்டாக்குமாம். அந்தப் புரதம் மெல்ல மெல்லச் சேர்ந்து, திரும்பி வந்து அந்த ஜீனையே மூடிவிடுமாம். பிறகு புரதம் கரைந்து தீர்ந்ததும் ஜீன் மறுபடி திறந்துகொள்ளும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள்.

"நம்ம முறைத் தண்ணிதான்" என்றேன். "வயல் நெறஞ்சா மடைய அடைக்கிறது, காஞ்சா தொறக்கிறது."

"அதேதான்ணே. ஆனா மடைய யார் தொறக்கிறா, யார் அடைக்கிறான்னு பாக்கணும்னா நம்மகிட்ட அதுக்கு மிஷின் இல்ல. வெளிநாட்டுக்குத்தான் போகணும்."

இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து, இரண்டும் கையை விரித்துவிட்டன. வீட்டில் அக்காள் வீட்டுக்காரர் மாலத்தீவில் பள்ளிக்கூட டீச்சர் வேலை ஒன்று பார்த்து வைத்திருந்தார். பரீட்சை முடிந்ததும் சரி என்று சொல்ல வேண்டும். டீச்சர் வேலை ஒன்றும் மட்டமில்லை. ஆனால் அவளுக்கு மனசு முழுக்க அந்த மடையில் இருந்தது. மூன்றாவது விண்ணப்பம்தான் கடைசி என்று வீட்டில் பேச்சு.

ஒரு நாள் நான் ஒட்டிக் காயவைத்த அட்டையைப் பார்த்துவிட்டு அவள் கத்தியதில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிட்டது.

"அண்ணே! ரெண்டு கடிகாரம்ணே!"

சாய்ந்த பட்டை வழக்கம்போல இருந்தது. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொரு பட்டை, மெல்லிசாக, நேராக. சில நாள் ஓரிடத்தில் நின்று, திடீரென்று தாவி வேறிடத்தில் நின்று, மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. எட்டு எலியிலும் அப்படியே. பதிவேட்டைப் பார்த்தாள், கடலை வைத்த நேரம் தாறுமாறாக இருந்தது. அப்படியானால் இது உள்ளேயிருந்து வருவதுதான், வாரத்துக்கு ஒரு முறை இடம் மாறும் இரண்டாம் கடிகாரம், இதுவரை யாரும் பார்க்காதது என்று முடிவு கட்டினாள்.

மேடம் அட்டையை வெகு நேரம் பார்த்தார். "ஏழு நாளைக்கு ஒரு தடவையா? எலிக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா, பூங்கோதை?" என்று மட்டும் கேட்டார். அவள் காதில் அது விழவில்லை. தஞ்சாவூருக்குப் போய் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து, மூன்றாவது விண்ணப்பமாக வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்குப் படத்தோடு கடிதம் அனுப்பிவிட்டாள். நாலே நாளில் அந்த வெளிநாட்டுப் பேராசிரியரிடமிருந்து பதில். மிகுந்த ஆவலாக இருக்கிறதாம். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் துறை அலுவலகத்துக்குப் போன் செய்து நேர்காணல் நடத்துவாராம். அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து எனக்கும் ஒன்று கொடுத்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் பசை ஆயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வயலுக்குப் போனேன். அன்றுதான் ஷிப்ட் மாறும் நாள். காலையில் வர வேண்டிய கரண்டு மதியத்துக்குப் போனது. வரப்பில் உட்கார்ந்து ஒரு மணிக்காகக் காத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு முறை தாவுகிறது, எட்டு மணி, இரண்டு மணி என்று பூங்கோதை சொன்னது ஞாபகம் வந்தது. கையில் இருந்த தூக்குவாளி நழுவி வாய்க்காலில் விழுந்தது. ஆரோக்கியமேரி ஓடி வந்து, "என்னங்க, நெஞ்சு வலியா?" என்றாள். நெஞ்சு வலியாக இருந்திருந்தால் பரவாயில்லை. அந்த எலிகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. என் மோட்டார் நேரத்தைப் படித்துவிட்டன.

சொல்லாமல் விட்டால் என்ன என்று யோசிக்காதவனைப் போல நான் நடிக்க மாட்டேன். யோசித்தேன். பெண் வெளிநாடு போய்விடுவாள், நான் நல்லவனாகவே ஓய்வு பெறுவேன். ஆனால் அங்கே போய் அதே சோதனையைச் செய்வாள். அங்கே எந்த எலியும் வாரத்துக்கு ஒரு முறை தாவாது. பொய்க் கணக்குக் காட்டிச் சேர்ந்தவள் என்று அவளைத்தான் சொல்வார்கள்.

முதலில் சுலபமான இடத்தில் சொல்லிப் பார்க்கலாம் என்று சாயங்காலம் மாதா கோயில் சாமியாரிடம் போய், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எலி, கடலை, சீட்டு, மோட்டார் எல்லாம் சொன்னேன். சாமியார் மெதுவாக, "இந்த வாரம் மதியமா? கோயில் நெலத்துக்கு காலைலன்னுல்ல சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்கிட்ட சொன்னா மட்டும் போதாது சூசை. அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு" என்றார்.

திங்கட்கிழமை காலையில் மேடத்தின் அறையில், பூங்கோதையையும் வைத்துக்கொண்டு சொன்னேன். நின்றபடியே சொன்னேன். சொல்லி முடித்ததும் பூங்கோதை என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"என் படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களேண்ணே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேடம் கண்ணாடியை இறக்கினார். "எழுதிக் குடுங்க."

நாலு பக்கம் எழுதினேன். இந்த முறை நேரம் போட மறக்கவில்லை. மேடம் படித்து முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதோடு ஒரு மெமோவும் கொடுத்தார், அது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பிறகு பூங்கோதையைப் பார்த்து, "இப்ப அழுது என்ன ஆகப் போகுது? அவர் நிறுத்தினா எலி என்ன பண்ணும்னு பாருங்க. வியாழன் வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது" என்றார்.

அன்றைக்கே தீனியும் தண்ணீரும் நாலு நாளைக்குப் போதுமளவு நிரப்பி, கடலை வைக்காமல் கதவைப் பூட்டினோம். சாவியை மேடம் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். பேனா முள்கள் வெளியே தம்பாட்டுக்குக் கிறுக்கிக்கொண்டிருந்தன. செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நான் அந்தச் சுருள்கள் முன்னால் போய் நின்றேன். பூங்கோதை ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். முகத்தைப் பார்க்காமல் எனக்கு இடம் விட்டாள்.

ஒரு முள் அசைந்தது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எட்டும் அடித்துக்கொண்டன. உள்ளே கடலை இல்லை, காலடிச் சத்தம் இல்லை, கதவு திறக்கவில்லை. இருந்தும் சக்கரங்கள் சுற்றின. போன வாரம் போலவே எட்டு மணிக்கு நான் வருவேன் என்று அந்த எட்டு ஜீவன்களும் இருட்டில் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டில்கூட யாரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. பேனாவுக்கு மை ஊற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

புதன்கிழமையும் ஓடின. வியாழக்கிழமை ஓட்டம் இளைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அலுவலகத்துப் போன் அடித்தது. மேடம் என்னையும் அங்கே நிற்கச் சொல்லியிருந்தார், தண்டனை மாதிரி. பூங்கோதை எடுத்த எடுப்பிலேயே, கடிதத்தில் எழுதியது தவறு என்று சொல்லிவிட்டாள். இங்கிலீஷில் வேகமாகப் பேசினாள். எனக்குப் புரிந்ததெல்லாம் சூசை, மோட்டார், கரண்டு. போச்சு, இனி மாலத்தீவுதான் என்று நினைத்தேன். அப்புறம் மறுமுனையிலிருந்து, ரிசீவருக்கு வெளியே கேட்குமளவுக்கு ஒரு சிரிப்பு. சிரித்து முடித்து அவர் ஏதோ கேட்டார். அவள் முகம் தொங்கிப் போயிற்று.

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக என்னிடம் பேசினாள்.

"மூணு நாள் பத்தாதுங்கறாரு. முன்னாடி எப்பவாச்சும் கடலை வராத நாள் உண்டா, அன்னிக்கு எலி என்ன பண்ணுச்சுன்னு கேக்குறாரு. பதிவேடு பூரா பொய். நான் என்னத்தச் சொல்ல?"

"உண்டு" என்றேன். "கரண்டு வராத நாளெல்லாம் நான் மோட்டார் கொட்டகையிலயே உக்காந்துடுவேன். பொழுது சாஞ்சுதான் கடலை."

"அது எந்தெந்த நாள்னு இப்ப எப்படித் தெரியும்?"

"காலண்டர்ல இருக்கே."

தண்ணீர் முறையில் பக்கத்து வயல்காரரோடு தகராறு வராமல் இருக்க, மோட்டார் போட்ட நேரத்தை வீட்டு தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வைப்பேன். கிழித்த தாளையும் எறிவதில்லை, ஆணியில் குத்தி வைப்பேன். கரண்டு வராத நாளில் 'வரலை' என்று எழுதி, கோபத்துக்கு ஏற்ப ஒரு கோடோ இரண்டு கோடோ போட்டிருப்பேன். இருட்டறைப் பதிவேட்டில் பொய் எழுதிய அதே கை, நெல்லுக்கு மட்டும் ஒரு நாள்கூடப் பொய் எழுதவில்லை.

பூங்கோதை அதைப் போனில் சொன்னாள். அவர் என்னவோ கேட்டார், அவள் இரண்டு முறை 'எஸ்' என்றாள். வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் முகத்தில் அழுகையா சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"காலண்டரையும் அட்டையையும் சேத்து வெச்சுப் பாத்து அனுப்பச் சொல்றாரு. அப்புறம், இந்த மாதிரி வந்து உண்மையச் சொல்ற ஆள் எத்தனை பேர் கெடைப்பாங்கன்னு கேட்டாரு. நான் உங்களச் சொல்றாருன்னு நெனச்சேன். என்னத்தான் சொன்னாராம்."

நானும் அவளும் இரண்டு நாள் உட்கார்ந்து காலண்டர் தாள்களை அட்டையோடு ஒப்பிட்டோம். 'வரலை' என்று எழுதிய ஒவ்வொரு நாளிலும் எலிகள் நேரத்துக்கு ஓடியிருந்தன. ஷிப்ட் மாறிய வாரங்களில் புது நேரத்தைப் பிடிக்க அவற்றுக்கு மூன்று நான்கு நாள் ஆகியிருந்தது. பண்டத்துக்காகக் காத்திருக்கும் கடிகாரம் ஒன்று உண்டு என்று வெளிநாடுகளில் முன்பே கண்டிருக்கிறார்களாம். ஆனால் அது எந்த மடையால் திறந்து மூடுகிறது என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாதாம். அதைத் தேடுகிற வேலைக்குத்தான் அவளை எடுத்தார்கள். மாலத்தீவுக்கு அவளுடைய சிநேகிதி போனாள், நன்றாகவே இருக்கிறாள்.

நான் மீதி சர்வீஸ் முழுவதும் மேடத்தின் முன்னால் நின்று சீட்டு எடுத்தேன். எடுத்ததும் சத்தமாக வாசிக்க வேண்டும். ஸ்டார்ட்டரை மாற்றி, ஆரோக்கியமேரி கைக்குக் கட்டுப்படுகிற மாதிரி ஒன்று வாங்கினோம். அவள் என்னை விட நன்றாகவே மோட்டார் போட்டாள் என்பதைக் கடைசி வரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அறிவிப்புப் பலகையில் இருக்கும் அந்த இரண்டு இடங்களும் பூங்கோதையின் ஆய்வகத்தில்தான். இப்போது அவள்தான் அங்கே பேராசிரியர். அந்தக் கடைசி வரி அவள் போட்டது. ஆகவே பிள்ளைகளே, கௌரவமான தவறாகத் தேடி அலைய வேண்டாம். அப்படி எழுதினால் முதல் பாராவிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அவளை ஏமாற்ற முடிந்தவன் நான் ஒருவன்தான், என்னாலும் அது நீடிக்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. ஊரை விட்டுக் கிளம்பிய நாளில், "வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்றேண்ணே. ஆனா சீட்டுப் போட்டுத்தான் பண்ணுவேன். ஒரே நேரத்துக்குப் பண்ணா நீங்க ஓட ஆரம்பிச்சுடுவீங்க" என்றாள். அன்றிலிருந்து போன் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு. "இன்னிக்கும் சீட்டுல இதே நேரம்தான்ணே வந்துச்சு" என்பாள், ஒவ்வொரு முறையும், கொஞ்சம்கூடச் சிரிக்காமல். நான் எழுதிக் கொடு என்று கேட்பதில்லை.

போன வாரம் ஏதோ கூட்டமாம், போன் வரவில்லை. பதினொரு மணியிலிருந்து நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன் என்று ஆரோக்கியமேரி சொல்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமையும் நடப்பேன்.